ஓட்டின் தடிமனும் புரையின் அளவும்: சிலிக்கா கூழ்மத் துகள்களைப் பற்றி

(ஜொகூர் பாருவில் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மொழிக் கழகத்தின் மேடையில் வேதியியல் பேச வந்திருக்கிறேன். சிலிக்கா என்னும் பொருளால் ஆன, கண்ணுக்குப் புலப்படாத சிறு உருண்டைகளே என் பொருள். அவ்வுருண்டைகளின் ஓடு எவ்வளவு தடிமனாக அமைய வேண்டும், அந்த ஓட்டில் எவ்வளவு துளை இருக்க வேண்டும், இவ்விரண்டையும் நாம் எண்ணியபடி எவ்வாறு அமைப்பது என்பவற்றைப் பேசப் போகிறேன். கேட்ட அளவில் இது ஆய்வுக்கூடத்திற்குள் அடங்கிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இந்த அவையில் வீற்றிருப்போருள் பலருடைய பாட்டன் பாட்டியர் கூழ்ம வேதியியலை நாள்தோறும் கையாண்டவர்கள். அதற்கு அந்தப் பெயரை அவர்கள் இட்டதில்லை, அவ்வளவே வேறுபாடு.

பால்மரத்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் மரத்தைச் சீவினால் வடியும் பால் ஒரு கரைசல் அன்று. நீரில் ரப்பர்த் துகள்கள் கரையாமல், அடியில் படியாமல், மிதந்தபடியே நிற்கும் கூழ்மம் அது. ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் கலந்த ஒரு மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. அந்தப் படலத்தின் மேல் எதிர்மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. பால் கெட்டியாகாமல் நெடுநாள் இருக்க வேண்டுமானால் அதில் அம்மோனியா சேர்ப்பார்கள். அது நுண்ணுயிர்களையும் அடக்கும். துகள்களின் மின்னேற்றத்தையும் காக்கும். உறைய வைக்க வேண்டுமானால் பார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். அமிலம் மின்னேற்றத்தைக் குலைத்துவிட, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் கட்டியாகிவிடும். கருவும் அதைச் சூழ்ந்த படலமும், தள்ளி நிற்க உதவும் மின்னேற்றமும், அதைக் காக்கும் அம்மோனியாவும் ஆகிய இவை யாவும் இன்றைய பேச்சில் வேறு உடை உடுத்து மீண்டும் வரும். தோட்டத்து மக்கள் கையால் அறிந்திருந்த அறிவு இது. அது ஏட்டில் ஏறவில்லை என்பதனால் அறிவு அல்ல என்று ஆகிவிடாது.

இனி, சிலிக்கா. ஒரு பங்கு சிலிக்கானும் இரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்த பொருள் அது. கடற்கரை மணலில் பெரும்பகுதி அதுவே. நம் ஜொகூர் மாநிலத்திலும், திரங்கானு, சரவாக் முதலிய மாநிலங்களிலும் கண்ணாடி செய்வதற்கு ஏற்ற சிலிக்கா மணல் உண்டு. புதுக் காலணிப் பெட்டியில் ஒரு சிறு பொட்டலம் கிடக்குமே, 'உண்ணாதீர்' என்று எழுதியிருக்குமே, அதற்குள் இருக்கும் மணிகளும் சிலிக்காதான். நெல்லின் உமியிலும் சிலிக்கா உண்டு. உமியைச் சுட்டால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்கா. நம் முன்னோர் உமிக்கரியால் பல் துலக்கியபோது சிலிக்காவைக் கொண்டுதான் தேய்த்தார்கள். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தன் மணிக்கு ஓடாகக் கட்டுகிறது. இன்று நாம் சோதனைக்குடுவையில் செய்ய முயல்வதை வயல்வெளி நெடுங்காலமாகச் செய்து வருகிறது.

மணலும் உமிச்சாம்பலும் கிடைத்த வடிவில் கிடைப்பவை. ஒரே அளவுள்ள உருண்டைகளாகச் சிலிக்காவை வார்ப்பது எப்படி? அதற்கு வழி காட்டிய கட்டுரை 1968ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர்கள் வெர்னர் ஸ்டோபர், ஆர்தர் பிங்க், எர்ன்ஸ்ட் போன் ஆகிய மூவர். ஜெர்மனியில் கெர்ஹார்ட் கோல்பே என்பவர் 1956இலேயே இதற்கு அடித்தளம் இட்டிருந்தார். எனினும் பெயர் ஸ்டோபருக்கே நிலைத்தது. முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. எத்தில் ஆல்கஹால், கொஞ்சம் நீர், கொஞ்சம் அம்மோனியா மூன்றையும் கலந்து, அதில் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட் என்னும் நீர்மத்தைச் சேர்த்துக் கலக்க வேண்டும். சிறிது நேரத்தில் தெளிந்த நீர்மம் பால்போல் வெளிறும். மூலப்பொருளின் பெயர் நீளமானது. இனி அதைச் சிலிக்கா நெய் என்று சொல்லிக்கொள்கிறேன். இது நான் இப்பேச்சுக்காக மட்டும் வைத்த பெயர், தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

உள்ளே நிகழ்வது இரண்டு வினைகள். முதலில் நீர், சிலிக்கா நெய்யின் மூலக்கூற்றைப் பகுக்கிறது, இது நீராற்பகுப்பு. அவ்வாறு பகுபட்டவை தமக்குள் கைகோத்து நீரையும் ஆல்கஹாலையும் வெளியேற்றிச் சிலிக்கா வலையாகின்றன. இது குறுக்க வினை. அம்மோனியா இவ்விரண்டையும் விரைவுபடுத்துகிறது. அதனோடு, உருவாகும் உருண்டைகளின் மேல் எதிர்மின்னேற்றத்தை வலுப்படுத்தி அவற்றை ஒட்டாமல் காக்கிறது. பால்வாளியில் செய்த அதே காவல் வேலையை இங்கும் செய்கிறது. நீர், அம்மோனியா, வெப்பநிலை ஆகியவற்றின் அளவை மாற்றி 50 நானோமீட்டர் முதல் 2,000 நானோமீட்டர் வரை விட்டமுள்ள உருண்டைகளை இம்முறையில் பெறலாம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.

உருண்டை கிடைத்துவிட்டது. அதன் மேல் ஓடு போர்த்த வேண்டும், அல்லது வேறொரு பொருளைக் கருவாக வைத்து அதன்மேல் சிலிக்கா ஓடு கட்ட வேண்டும். இங்கே மாணவர்கள் ஒரு கணக்கை என்னோடு சேர்ந்து போட வேண்டுகிறேன். கனசதுரம் அறிந்தவர் எவரும் போடலாம்.

100 நானோமீட்டர் விட்டமுள்ள சிலிக்கா உருண்டை நம்மிடம் இருக்கிறது. அதன்மேல் 20 நானோமீட்டர் தடிமனுள்ள ஓடு வேண்டும். ஓடு இரு பக்கமும் வளர்வதால் புதிய விட்டம் 140. விட்டம் 1.4 மடங்கு. கனஅளவு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது ஆகையால் 1.4 × 1.4 × 1.4 = 2.744 மடங்கு. அதாவது, கருவின் கனஅளவைப்போல் 1.744 மடங்கு சிலிக்காவைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். 20 நானோமீட்டர் ஓடு, தான் போர்த்திய கருவைவிடப் பெரிது! அதற்கு மேல் இன்னொரு 20 நானோமீட்டர் வேண்டுமானால் விட்டம் 180, மும்மடி 5.832. இப்போது சேர்க்க வேண்டியது 3.088 மடங்கு. ஒரே தடிமன், ஏறத்தாழ இரு மடங்கு பொருள். ஒரு கிராம் சிலிக்கா நெய் முழுமையாக வினைபுரிந்தால் 0.288 கிராம் சிலிக்கா தரும். எனவே கருவும் ஓடும் ஒரே அடர்த்தி உடையவை என்று கொண்டால், ஒரு கிராம் கருத்துகளுக்கு முதல் 20 நானோமீட்டர் ஓடு கட்ட ஏறத்தாழ 6 கிராம் சிலிக்கா நெய் தேவை. ஓட்டின் தடிமனைக் கட்டுப்படுத்துவது என்பதன் முதற்படி இந்தக் கணக்கே. கருவின் விட்டமும் எண்ணிக்கையும் தெரிந்தால், ஊற்ற வேண்டிய அளவைக் காகிதத்திலேயே சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கு கண்ணால் காண முடியாததைப் பற்றியது என்று கருத வேண்டாம். மங்குஸ்தீன் பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தின் விட்டம் 6 சென்டிமீட்டர், தோலின் தடிமன் 6 மில்லிமீட்டர் என்றால் உள்ளிருக்கும் சுளைப்பந்தின் விட்டம் 4.8 சென்டிமீட்டர். 4.8ஐ 6ஆல் வகுத்தால் 0.8, அதன் மும்மடி 0.512. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கே தடிமனுள்ள தோல், பழத்தின் கனஅளவில் பாதியை எடுத்துக்கொண்டது. மங்குஸ்தீன் வாங்கும்போதெல்லாம் நாம் பாதிப் பணத்தைத் தோலுக்குக் கொடுக்கிறோம். அந்த 0.512 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பின்னர்த் தேவைப்படும்.

காகிதக் கணக்கு சரியாக இருந்தும் குடுவையில் பிழைப்பது எங்கே? பனங்கற்கண்டு காய்ச்சுவோர் பாகில் நூல் கட்டித் தொங்கவிடுவார்கள். பாகு அளவோடு செறிந்திருந்தால் கற்கண்டு நூலைப் பற்றி வளரும். செறிவு மிகுந்துவிட்டாலோ நூலை எதிர்பாராமல் பாகெங்கும் தானே சிறு படிகங்கள் தோன்றிவிடும். சிலிக்காவும் அப்படித்தான். சிலிக்கா நெய்யை ஒரே நேரத்தில் ஊற்றினால், கரைந்து நிற்கும் சிலிக்காவின் செறிவு ஓர் எல்லையைக் கடந்து, கருவை நாடாமல் புதிய உருண்டைகளைத் தானே பெற்றுவிடும். ஓடு மெலியும், வேண்டாத குஞ்சுகள் பெருகும். இந்த எல்லையைப் பற்றிய கருத்தை விக்டர் லாமரும் ராபர்ட் டைனகரும் 1950இல் கந்தகக் கூழ்மங்களை ஆராய்ந்து எழுதினார்கள். அதனால்தான் ஓடு கட்டுவோர் நெய்யைத் துளித்துளியாக, மணிக்கணக்கில் சேர்க்கிறார்கள். கருத்துகள்கள் மிகக் குறைவாக இருந்தாலும் இதே கேடு வரும். வந்து படிவதற்குப் போதிய பரப்பு இல்லையென்றால் சிலிக்கா வேறிடம் தேடும். அம்மோனியாவை மிகுத்தால் விரைவு கூடும். ஆனால் உப்புத்தன்மையும் கூடித் துகள்கள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். கைப்பழக்கம் என்று சொல்லப்படுவதில் பாதி இந்தப் பொறுமைதான்.

கரு சிலிக்காவாக இல்லாதபோது இன்னொரு தடை. தங்கத்திற்குச் சிலிக்காவின் மேல் இயல்பான பற்று இல்லை. 1996இல் லிஸ்-மர்சான், கியர்சிக், மல்வேனி ஆகியோர், தங்கத்தையும் சிலிக்காவையும் இருகையாலும் பற்றக்கூடிய ஓர் இடைப்பொருளை முதலில் பூசி, அதன்பின் மெல்லிய ஓட்டைப் படியவைத்து, பிறகே ஸ்டோபர் முறையில் தடிக்கச் செய்தார்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கு முன் அடிப்பூச்சு பூசுவது போன்றது அது.

இங்கே, கடற்பாலத்துக்கு அப்பால் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு காலமும், ஸ்டோபர் உருண்டை உள்ளும் புறமும் ஒரே தன்மையது என்றே பெரும்பாலோர் கருதி வந்தனர். 2011ஆம் ஆண்டு சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வுக் குழு அதை மீண்டும் எடுத்துப் பார்த்தது. துகள்களைச் சூடான நீரில் வைத்தபோது அவை வெளியிலிருந்து தேயவில்லை. உள்ளே கரைந்து கூடாயின. காரணம், ஓட்டின் உட்பகுதி நெகிழ்ச்சியாகவும் எளிதில் கரையக்கூடியதாகவும், வெளிப்பகுதி இறுக்கமாகவும் வளர்ந்திருந்தமை. வளர்ச்சியின் தொடக்கத்தில் பொருள் மிகுதியாகக் கிடைப்பதால் சிலிக்கா அவசரமாக அடுக்கப்படுகிறது. வலையின் கைகள் எல்லாம் கோக்கப்படுவதில்லை. பின்னர்ப் பொருள் குறையக் குறைய நிதானமாக, நெருக்கமாக அடுக்கப்படுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் கையாண்ட ஒரு பொருளைப் பற்றி, கருவிகளைக் காட்டிலும் ஐயமே அதிகம் தேவைப்பட்ட ஒரு சோதனை இப்படி ஒரு செய்தியைத் தந்தது. என் மதிப்பீட்டில், பாடநூலில் இடம்பெற வேண்டிய சோதனை இது. சுடுநீர் போதும் என்பதே அதன் அழகு.

அந்தச் சோதனை நம்மைப் பொருளின் மறுபாதிக்குக் கொண்டு செல்கிறது. தடிமன் ஒன்று, அந்தத் தடிமனுக்குள் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பது மற்றொன்று. மொழிக் கழகத்தின் மேடை என்பதால் சொல்லைப் பற்றியும் சற்றுப் பேச உரிமை எடுத்துக்கொள்கிறேன். 'நுண்துளைகள் கொண்ட தன்மை' என்று பாடநூல்கள் எழுதுகின்றன. பொருள் சரி, சொல் நீளம். தமிழில் 'புரை' என்று ஒரு சொல் உண்டு. உள்ளீடற்ற துளையையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். புரையோடிய மரம் என்கிறோம். புரையோடிய புண் என்கிறோம். பழைய பார்வையில் துளை விழுந்தது பழுதானது. இன்றைய வேதியியலில் அந்தத் துளைக்காகவே பொருளைச் செய்கிறோம். பொருளில் உள்ள துளைகளின் பங்கைப் 'புரைமை' என்றே சொல்லிவிடலாம் என்பது என் துணிவு. இரண்டு நானோமீட்டருக்கு உட்பட்டது நுண்புரை, 2 முதல் 50 வரை இடைப்புரை, அதற்கு மேல் பெரும்புரை என்று அனைத்துலக வகைப்பாட்டையும் எளிதாகச் சொல்லலாம். அவ்வாறே, கருவைப் போர்த்தியிருப்பதை 'ஓடு' என்றும், கரு நீங்கி உள்ளே வெறுமையாக இருப்பதைக் 'கூடு' என்றும் வேறுபடுத்தலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரு சொல்லே வழங்குகிறது; நமக்கோ முட்டையோடும் குருவிக்கூடும் தனித்தனியே இருக்கின்றன. இருக்கும் வேறுபாட்டை ஏன் இழக்க வேண்டும்?

இது வெறும் சொல்லாசை அன்று. நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப் பள்ளியில் அறிவியல் மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடர்கிறது. 2003இல் தொடக்கப்பள்ளியிலேயே அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. இத்தகைய மாற்றங்களுக்கு நடுவே, பன்னிரண்டு வயதில் நின்றுபோன அறிவியல் தமிழைத்தான் நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கிறோம். மூன்று மொழிகளில் கற்கும் மாணவன் இழப்பாளி அல்லன். ஆனால் வீட்டில் தாத்தாவிடம் தன் ஆய்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேச அவனுக்குச் சொற்கள் வேண்டும்.

புரைமைக்கு மீள்கிறேன். புரையை எவ்வாறு அமைப்பது? சோப்பு நீரைக் கொண்டு. 1992இல் மொபில் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், சோப்பைப் போன்ற நீள்வால் மூலக்கூறுகள் நீரில் உருளைகளாகத் திரள்வதையும், அவ்வுருளைகளைச் சுற்றிச் சிலிக்காவை இறுக வைக்கலாம் என்பதையும் பயன்படுத்தி, தேன்கூடு போன்ற ஒழுங்கான துளைகள் கொண்ட சிலிக்காவைச் செய்தனர். சிலிக்கா இறுகிய பின் சோப்பைச் சுட்டோ கழுவியோ நீக்கிவிட்டால், அது இருந்த இடம் புரையாக நிற்கும். சோப்பு மூலக்கூற்றின் வால் நீண்டால் துளை அகலும். வால் குறுகினால் துளை சுருங்கும். உருளைக்குள் எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் செலுத்தி ஊத வைத்தால் துளை இன்னும் அகலும். ஒரு கணியன் கையில் இருக்கும் அளவுகோல் போல, மூலக்கூற்றின் வாலில் உள்ள கார்பன் அணுக்களின் எண்ணிக்கையே இங்கு அளவுகோல். இந்தச் சோப்பை ஸ்டோபர் குடுவையில் சேர்த்தால் உருண்டையே புரையுடையதாகும் என்று 1990களின் பிற்பகுதியில் காட்டினார்கள். இறுக்கமான கரு மீது புரையுள்ள ஓடு போர்த்துவதும் அதை ஒட்டியே வந்தது.

இதனால் கிடைக்கும் பரப்பு எவ்வளவு? 100 நானோமீட்டர் விட்டமுள்ள இறுகிய சிலிக்கா உருண்டைகள் ஒரு கிராம் எடுத்தால் அவற்றின் மொத்தப் புறப்பரப்பு ஏறத்தாழ 27 சதுர மீட்டர். ஒரு பூப்பந்துத் திடலில் மூன்றில் ஒரு பங்கு. புரையுள்ள சிலிக்காவில் ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் என்பது அரிதன்று. அதாவது பன்னிரண்டு பூப்பந்துத் திடல்கள், ஒரு தேக்கரண்டியில். இதை அளப்பதற்கு, துகள்களை நீர்ம நைட்ரஜனின் வெப்பநிலைக்குக் குளிர்வித்து, எவ்வளவு நைட்ரஜன் வாயு ஒட்டுகிறது என்று பார்ப்பார்கள். புருனாவர், எம்மெட், டெல்லர் ஆகியோர் 1938இல் வகுத்த கணக்கு இன்றும் வழக்கில் உள்ளது.

தடிமனும் புரையும் ஏன் இவ்வளவு முக்கியம்? ஓர் ஓடு காக்க வேண்டும். அதே நேரத்தில் வழிவிடவும் வேண்டும். பிளாட்டினம் சிறந்த வினையூக்கி. ஆனால் அதன் நானோத் துகள்கள் சூடேறினால் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பெருத்துவிடும், பயன் கெட்டுவிடும். 2009இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒவ்வொரு பிளாட்டினத் துகளையும் இடைப்புரைச் சிலிக்கா ஓட்டுக்குள் வைத்தார்கள். 750 பாகை செல்சியசிலும் துகள்கள் ஒட்டவில்லை. வாயுக்களோ புரை வழியே உள்ளே சென்று வினைபுரிந்து திரும்பின. கொசுவலை காற்றை விட்டுக் கொசுவைத் தடுப்பது போன்றது. ஓடு மிகத் தடித்தால் வாயு உள்ளே சேரக் காலம் பிடிக்கும். மிக மெலிந்தால் நொறுங்கும். புரை மிகுந்தால் காவல் தளரும். தடிமனை மட்டும் தனியே தீர்மானித்துவிட முடியாது என்பது இதனால் விளங்கும்.

இரண்டும் ஒரே கணக்காகவே ஆகிவிடும் ஓர் இடமும் உண்டு. அது கண்ணாடி. கதிரவன் ஒளியை மின்சாரமாக்கும் தகடுகளின் மேல் கண்ணாடி இருக்கிறது. ஒளி நேராக விழுந்தால் கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் ஏறத்தாழ 4 விழுக்காடு திரும்பிப் போய்விடும். காசில்லாமல் வந்த ஒளி காசில்லாமலே போகிறது. இதைத் தடுக்க ஒரு மெல்லிய பூச்சு இடலாம். இயற்பியல் இரண்டு நிபந்தனைகள் விதிக்கிறது. பூச்சின் ஒளிவிலகல் எண், கண்ணாடியின் எண்ணாகிய 1.52இன் வர்க்கமூலமாக, அதாவது 1.23 ஆக இருக்க வேண்டும். பூச்சின் தடிமன், பூச்சுக்குள் ஒளி கொள்ளும் அலைநீளத்தில் கால் பங்காக இருக்க வேண்டும். 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 112 நானோமீட்டர். சிக்கல் என்னவென்றால், 1.23 என்ற எண்ணுடைய உறுதியான திடப்பொருள் எளிதில் கிடைப்பதில்லை. சிலிக்காவின் எண் 1.45. காற்றின் எண் ஏறத்தாழ 1. அப்படியானால் சிலிக்காவில் காற்றைக் கலக்க வேண்டும். எவ்வளவு? கணக்கிட்டால், பாதிக்குச் சற்றே மேல்: ஏறத்தாழ 53 விழுக்காடு.

இப்போது மங்குஸ்தீனை நினையுங்கள். 50 நானோமீட்டர் விட்டமும் 5 நானோமீட்டர் ஓடும் கொண்ட சிலிக்காக் கூட்டில் வெற்றிடம் 51.2 விழுக்காடு. அதே 0.512. ஓட்டை 7.5 நானோமீட்டராகத் தடிக்கவிட்டால் வெற்றிடம் 34 விழுக்காடாகச் சரிந்துவிடும். 2.5 ஆக மெலித்தால் 73 விழுக்காடாக ஏறிவிடும். ஆனால் கை பட்டால் கூடு உடையும். இரண்டரை நானோமீட்டர் என்பது ஒருசில அணுவடுக்குகளின் அளவு. அவ்வளவு சிறிய பிசகில் பூச்சு பயனற்றதாகிவிடலாம். உண்மைப் பூச்சில் உருண்டைகளுக்கு இடையிலும் காற்று தங்கும். ஆகவே ஓட்டைச் சற்றுத் தடிமனாகவே வைத்து வலிமையையும் பெறலாம். எவ்வளவு தடிமனாக என்பதில்தான் தொழில் அறிவு இருக்கிறது. மலேசியா சூரியத் தகடுகள் உற்பத்தியாகும் நாடு. இந்த மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் பூச்சு நமக்கு வெளியூர்ச் செய்தி அன்று.

கூட்டைச் செய்யும் வழிகளையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். பாலிஸ்டைரின் உருண்டையைக் கருவாக வைத்துச் சிலிக்கா போர்த்திப் பிறகு கருவைச் சுட்டு நீக்குவது ஒன்று. வெளிப்பரப்பை ஒரு பலபடிப்பொருளால் காத்துக்கொண்டு, உட்பகுதியைக் காரத்தால் அரிப்பது மற்றொன்று. கலிபோர்னியாவின் ரிவர்சைடு வளாகத்தில் 2008இல் இதைக் காட்டினார்கள். இந்த வழியில், அரிக்கும் நேரமே கட்டுப்பாட்டுக் கருவி. முன்னதாக நிறுத்தினால் புரையுள்ள ஓடு. மேலும் விட்டால் கூடு. மறந்துவிட்டால் ஒன்றும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இங்கிருந்து ஸ்கூடாய் தொலைவில் இல்லை. அங்குள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2010களில் புரையுள்ள சிலிக்கா நானோத் துகள்களைக் கொண்டு பல ஆய்வுகள் நடந்து அனைத்துலக ஏடுகளில் வெளிவந்தன. மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை நீரிலிருந்து பிரிப்பது ஒன்று. கரியமில வாயுவை மீத்தேனாக மாற்றும் வினையூக்கிகளுக்குத் தாங்கியாகச் சிலிக்காவைப் பயன்படுத்துவது மற்றொன்று. பின்னதில் அவர்கள் எடுத்துக்கொண்ட வடிவங்களுள் ஒன்று இழைச் சிலிக்கா. அதன் பிறப்புக்கு ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. விவேக் போல்செட்டிவார் என்னும் வேதியியலாளர் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தம் குழுவினருடன் 2010இல் அதை வெளியிட்டார். பின்னர் மும்பையின் டாட்டா அடிப்படை ஆய்வு நிலையத்தில் அப்பணியைத் தொடர்ந்தார். அந்தத் துகள் ஒரு சாமந்திப் பூவைப் போல நடுவிலிருந்து மெல்லிய இழைகளாக விரிகிறது. நீண்ட குழாய்த் துளை இல்லாமையால், உள்ளே செல்லும் மூலக்கூறு வழியில் அடைபடுவதில்லை. துகளின் அளவையும் இழைகளின் நெருக்கத்தையும் வேண்டியபடி மாற்றும் முறையை மும்பைக் குழு 2016இல் எழுதியது. துளையைச் சிறிதாக்கிப் பரப்பைப் பெருக்குவதே வழி என்றிருந்த எண்ணத்தை அந்தப் பூ வடிவம் மாற்றியது. பரப்பு இருந்தும் அதை அணுக முடியாவிட்டால் பயனில்லை.

சாயத்தை உறிஞ்சும் சிலிக்காவைப் பற்றிப் பேசுகையில், இவ்வூரில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டு, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினர், பள்ளிகள் மூடப்பட்டன. எந்தப் புரையுள்ள துகளும் அதைத் தடுத்திருக்காது. அது சட்டமும் கண்காணிப்பும் செய்ய வேண்டிய வேலை. ஆய்வுக்கூடத்துக் குடுவையில் சாயம் நீங்குவதைப் படம் எடுத்துப் போட்டு, ஆறே தூய்மையாகிவிடும் என்று எழுதும் வழக்கம் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு லிட்டரில் நடப்பது ஓர் ஆற்றில் நடக்க, எத்தனை டன் துகள் வேண்டும், பயன்படுத்திய துகளை எங்கே போடுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும். மாணவர்கள் செய்தியைப் படிக்கும்போது அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை உமிக்கு ஓர் இடம் உண்டு. சிலிக்கா நெய் விலை உயர்ந்தது. உமிச்சாம்பலைக் காரத்தில் கரைத்துச் சோடியம் சிலிக்கேட்டாக்கி, சோப்பு மூலக்கூறுகளோடு சேர்த்து அமிலத்தால் மீட்டால் புரையுள்ள சிலிக்கா கிடைக்கும். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உமிச் சிலிக்கா பற்றிய ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடந்துள்ளன. கெடாவின் வயல்கள் ஆண்டுதோறும் உமியைத் தருகின்றன. ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். உமியை அளவான சூட்டில் எரித்தால் சிலிக்கா படிகமாகாமல் இருக்கும். கடுஞ்சூட்டில் எரித்தால் படிகச் சிலிக்காவாகிவிடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஒரே பொருள், அணுக்கள் அடுக்கப்பட்ட முறையால் ஒன்று பற்பொடியாகவும் மற்றொன்று நோயாகவும் நிற்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அம்மோனியாவும் சிலிக்கா நெய்யும் வகுப்பறைக்கு ஏற்றவை அல்ல. அவற்றைப் பல்கலைக்கழகத்திற்கு விட்டுவிடுங்கள். ஆனால் காலணிப் பெட்டிப் பொட்டலத்தை ஆசிரியர் மேற்பார்வையில் பிரித்து, மணிகளை எடை பார்த்து, ஈரத்துணியோடு ஒரு மூடிய டப்பாவில் இரவு முழுதும் வைத்து, காலையில் மீண்டும் எடை பார்க்கலாம். ஈரம் மணிகளின் மேல் நிற்காது, புரைக்குள் சென்றுவிட்டிருக்கும். எடை கூடியிருக்கும், அளவு கூடியிருக்காது. ஏன் என்று கேளுங்கள். அதன்பின் ஒரு மங்குஸ்தீனைக் குறுக்கே வெட்டி, அளவுகோலை வைத்து, தோலுக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்று கணக்கிடச் சொல்லுங்கள். சுளையை அவர்களே உண்ணட்டும்.

கேள்விகள் இருப்பின் இப்போது கேட்கலாம்.